தேன் பாட்டிலில் ஒரு கோடு

தப்பா நினைச்சுக்காதீங்க, நான் ஒட்டுக்கேக்கல. இந்த ஆஸ்பத்திரிப் பெஞ்சுல உக்காந்துக்கிட்டு ஒட்டுக்கேக்காம இருக்கிறதுதான் கஷ்டம். போன்ல யார்கிட்டயோ, "வீட்டு வேலைக்கு நம்பகமான ஆளா ஒருத்தர் சொல்லுங்க"ன்னு கேட்டீங்களே, எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அதான் திரும்பிப் பாத்தேன். நம்பகமான ஆளா! மதுரையில மல்லிகைப்பூ கிடைக்கும், நல்ல ஜிகர்தண்டா கிடைக்கும். மத்ததெல்லாம் நம்ம தலையெழுத்து.

எல்லீஸ் நகருக்குப் புதுசா நீங்க? மாமியாருக்கு ஸ்கேனா? அப்ப நேரமாகும், சாஞ்சு உக்காருங்க. நானும் இங்கதான் இருப்பேன். எங்க வீட்டுக்காரருக்குச் சுகர் டெஸ்ட். வெறும் வயித்துல ஒரு ரத்தம் குடுத்தாச்சு, டிபனும் சாப்பிட்டாச்சு. ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு ரத்தம் எடுப்பாங்க. அதுவரைக்கும் எங்கயும் போகாம உக்காரச் சொன்னாங்க. கால் மரத்துப் போகுதுன்னு வெளிய போயிருக்கார். ஒரு இடத்துல உக்காரமாட்டார். நாலு பேர்கிட்ட பேசணும் அவருக்கு. எங்க அடுக்குமாடி சங்கத்துக்கு ஏழு வருஷமா அவர்தான் பொருளாளர். பதினாறு வீட்டுக்காரங்களும் கண்ணை மூடிக்கிட்டு நம்புவாங்க. நம்பகமான ஆளுன்னா அப்படி இருக்கணும்.

வேலைக்கு ஆள் வைக்கிறதைப் பத்தி என்கிட்ட கேளுங்க. ஆறு வருஷத்துல ஒம்பது பேரைப் பாத்துட்டேன். முதல்ல ஒரு ஜெசிந்தா வந்தா. வேலையெல்லாம் படு சுத்தம், ஆனா மாசத்துல பாதி நாள் யாராவது செத்துப்போயிருவாங்க. ஒரே சித்தப்பா மூணு தடவை செத்தார். மூணாவது தடவை நான் மாலையே வாங்கிட்டுப் போறேன், விலாசம் சொல்லுன்னு கேட்டேன், அதோட அவ வரல. அடுத்து ஒருத்தி வந்தா, பாத்திரம் தேய்க்கும்போது போன்ல பேசுவா. பேசினாத்தான் கை ஓடுமாம். போன்ல சார்ஜ் தீர்ந்தா என் பாத்திரமும் அப்படியே நிக்கும். மத்தவங்க கதையெல்லாம் சொன்னா உங்க மாமியாருக்கு ஸ்கேன் முடிஞ்சு குணமே ஆயிரும்.

அதனாலதான் நான் கோடு போடுறது. என்ன கோடுன்னு கேக்கறீங்களா? உங்க வயசுக்குத் தெரியாது. எங்க மாமியார் அரிசி டின்னுல அரிசியைச் சமன்பண்ணி, மேல உள்ளங்கையை அழுத்தி அச்சு வச்சுட்டுத்தான் கோயிலுக்குப் போவாங்க. யாராவது ஒரு பிடி அள்ளினாலும் அச்சு கலைஞ்சிரும் பாருங்க. அந்த அச்சு எனக்காக வச்சதுங்கறது எனக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அது போகட்டும். நான் படிச்சவ, பால்பாயிண்ட் பேனாவுல போடுறேன். நல்லெண்ணெய் பாட்டில்ல ஒரு கோடு, நெய் பாட்டில்ல ஒரு கோடு, தேன் பாட்டில்ல ஒரு கோடு. கருப்பட்டியை எண்ணி வச்சுருவேன். இதுல சந்தேகம் எதுவும் இல்ல. ஒரு ஒழுங்கு, அவ்வளவுதான்.

அப்பத்தான் தவமணி வந்தா. போன வருஷம் இவருக்குச் சுகர் முன்னூறைத் தொட்டுருச்சு. டாக்டர் என்னைப் பாத்து, "காலையில என்ன குடுக்கறீங்க?"ன்னு கேட்டார். என்னமோ நான் விஷம் குடுக்கற மாதிரி. பூரி, பொங்கல், இட்லின்னா எட்டு. முப்பத்தோரு வருஷமா சாப்பிடறதுதானே! இனிமே சிறுதானியம், கீரை, பயறு, எல்லாம் வீட்லயே செஞ்சதா இருக்கணும்னுட்டார். எழுதிக் குடுக்கறவருக்கு என்ன, இடிக்கிறதும் அரைக்கிறதும் அவரா? எனக்கு முழங்கால் வலி. சரி, சமைக்கவும் தெரிஞ்ச ஆளா தேடு தேடுன்னு தேடி வச்சவதான் தவமணி. நாப்பது வயசு இருக்கும். பொன்மேனிப் பக்கத்துலேருந்து சைக்கிள்ல வருவா. ஆறரைன்னா ஆறரை.

உள்ளதைச் சொல்லணும்ல, அவளுக்குக் கைப்பக்குவம் இருந்துச்சு. முருங்கைக்கீரை போட்டுக் கேழ்வரகு அடை சுடுவா. ஓரம் மொறுமொறுன்னு, நடுவுல பஞ்சு மாதிரி. அதுக்குக் கொள்ளுத் துவையல். ஒரு நாள் கம்பு தோசை, ஒரு நாள் வரகரிசிப் பொங்கல், ஒரு நாள் சோளப் பணியாரம். பாசிப்பயறை ஊற வச்சு வெள்ளைத் துணியில கட்டித் தொங்கவிட்டுட்டுப் போவா. மறுநாள் வந்து அதை ஆவி காட்டி, தேங்காய், எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய் எல்லாம் போட்டு ஒரு கிண்ணம் குடுத்தா, எண்ணெய் ஒரு சொட்டு இருக்காது, ஆனா தட்டை வழிச்சு நக்கணும் போல இருக்கும். ஐடியா எல்லாம் என்னோடதுதான். நான் ஓட்ஸ் கஞ்சி வையின்னு சொன்னேன், அவ கேழ்வரகு அடை சுட்டா. இருந்தாலும் ஆரோக்கியமா ஏதாவது செய்யின்னு சொன்னது யாரு?

மூணு மாசத்துல இவருக்குச் சுகர் நூத்தி ஐம்பதுக்கு வந்துருச்சு. எனக்கு ஆறு கிலோ குறைஞ்சுது. முழங்கால் வலிகூட மட்டுப்பட்டுச்சு. டாக்டர் என்னைப் பாத்து, "சபாஷ், ரொம்ப மெனக்கெட்டிருக்கீங்க"ன்னார். நான், "ஆமா சார், காலையில அஞ்சு மணிக்கே எந்திரிச்சுருவேன்"ன்னேன். அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறது உண்மைதான். வாக்கிங் போக எந்திரிப்பேன்.

அதுக்காக அவளைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆட முடியுமா? நல்லா இருக்குன்னு சொன்னா போதும், மறுநாளே முதுகு நிமிர்ந்துக்கும். நான் சாப்பிட்டு முடிச்சு, "ம், பரவாயில்ல"ன்னு மட்டும் சொல்லுவேன். இன்னொரு கொள்கையும் எனக்கு உண்டு, நீங்களும் மனசுல வச்சுக்கங்க. வேலைக்கு வர்றவங்ககிட்ட "சாப்பிட்டியா?"ன்னு கேக்கவே கூடாது. கேட்டு, "இல்லக்கா"ன்னு சொல்லிட்டான்னா? தட்டு எடுத்து வைக்கணும். இன்னைக்குத் தட்டு, நாளைக்கு நாற்காலி. ஒரு வருஷம் நாலு மாசம் அடுப்புக்கு முன்னால நின்னு எங்களுக்குச் சுட்டுச் சுட்டுப் போட்டாளே, ஒரு தடவைகூட நான் கேட்டதில்ல. அவ்வளவு கட்டுப்பாடு. அவளும் வாயைத் திறந்து கேட்டதில்ல. அழுத்தக்காரி.

அழுத்தம்னு ஏன் சொல்றேன்னா, தேன் பாட்டில். கொடைக்கானலுக்குப் போனப்ப வாங்கின மலைத்தேன். காலையில வெந்நீர்ல ஒரு ஸ்பூன், எடை குறையறதுக்காக நான் குடிக்கிறது. ஒவ்வொரு நாளும் எடுத்ததுக்கு அப்புறம் கோடு போட்டு வைப்பேன். ஒரு நாள் பாத்தா கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழ நிக்குது தேன். சரி, பேனா வழுக்கிருக்கும்னு விட்டேன். மறுநாளும் அப்படியே. கருப்பட்டி பன்னெண்டு வச்சேன், பத்து இருக்குது.

வீட்டுல இருக்கிறது யார் யாரு? நான், இவர், அவ. நான் எடுக்கல. இவருக்குச் சுகர், எடுக்கக் கூடாது. அப்ப யாரு? கணக்கு ரொம்பச் சுலபம்.

அவ கோட்டைப் பாத்துட்டா. பாட்டிலை அலமாரியில வைக்கும்போது திருப்பித் திருப்பிப் பாத்தா. நான் கூடத்துல மாட்டியிருக்கிற கண்ணாடியில பாத்துக்கிட்டு இருந்தேன். மறுநாள் என்கிட்ட வந்து, "அக்கா, தேனு, கருப்பட்டி எல்லாத்தையும் பூட்டி வச்சுருங்கக்கா. சாவியை நீங்களே இடுப்புல வச்சுக்கங்க. வீட்ல யார்கிட்டயும் குடுக்காதீங்க"ன்னு சொன்னா. எடுக்கறவளே பூட்டச் சொல்றா, பாருங்க நடிப்பை! மனசாட்சி குத்துதுன்னு நினைச்சுக்கிட்டேன். சரின்னு அலமாரியைப் பூட்டினேன். எனக்கு மறதி ஜாஸ்தி, சாவியை எங்கயாவது வச்சுட்டுத் தேடுவேன். அதனால சாவியை இவர்கிட்ட குடுத்து வச்சேன். பொருளாளர்ல?

பூட்டின பிறகும் கோடு இறங்குது! கள்ளச்சாவி போட்டிருக்கா. வேற என்ன?

இவர் பாவம், வெள்ளைமனசு. அந்தச் சமயத்துல இவர் சட்டைப் பாக்கெட்டுல எல்லாம் எறும்பு. தலகாணி உறையில எறும்பு. நான் துணி துவைக்கப் போடும்போது உதறி உதறிப் பாத்துக்கிட்டே, எறும்புக்குக்கூட உங்க மேல ஒரு பாசம்னு கேலி பண்ணுவேன். சிரிப்பார். தவமணி அந்தச் சட்டையைக் கையில வச்சுக்கிட்டு என்னையே பாத்தா ஒரு நாள். "என்ன?"ன்னேன். "ஒண்ணுமில்லக்கா"ன்னு தண்ணியில முக்கிட்டா.

ஆடி பதினெட்டு முடிஞ்ச மறுநாள் நேருக்கு நேரா கேட்டுட்டேன். இவரும் கூடத்துல இருந்தார், சாட்சிக்கு ஆகும்ல. "தவமணி, தேனை யார் எடுக்கறா?"ன்னேன். அவ கையில கரண்டி. என்னைப் பாக்கல, இவரைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. "சார் சொல்லட்டும்க்கா"ன்னா. இவர் என்ன சொல்லுவார்? பேப்பரை முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுக்கிட்டார். சண்டைன்னா அவருக்கு ஆகவே ஆகாது. "எம் புருஷனை எதுக்கு இழுக்கற, நாளையிலேருந்து வராத"ன்னேன். அழுதிருந்தா, காலைப் பிடிச்சிருந்தா ஒரு வேளை மனசு இரங்கியிருப்பேன். அவ அடுப்பைத் துடைச்சா. துணியில கட்டின பயறைக் காட்டி, "நாளைக்கு முளை விட்டுரும், ஆவி காட்டி சாருக்குக் குடுத்துருங்க"ன்னு சொல்லிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா. திமிரு.

அடுத்தவங்களும் ஏமாறக் கூடாதுன்னு, எங்க கட்டடத்துல அவ வேலை பாத்த மத்த மூணு வீட்டுக்கும் அன்னைக்குச் சாயங்காலமே போய்ச் சொல்லிட்டேன். மறுநாளே மூணு பேரும் நிறுத்திட்டாங்க. பொருளாளர் வீட்டுலேருந்து சொன்னா சும்மாவா? ஒரே நாள்ல நாலு வீடும் போச்சு அவளுக்கு. அதுக்கு நான் என்ன செய்ய?

அந்தப் பயறா? அது கிடந்துச்சு. மூணு நாள் கழிச்சு அவுத்துப் பாத்தா வெள்ளை வெள்ளையா வேர் விட்டு, துணியைத் துளைச்சுக்கிட்டு வெளிய வந்துருச்சு. தூக்கிப் போட மனசு வரல. பால்கனித் தொட்டியில கொட்டினேன். இப்ப காய்ச்சு நிக்குது. தினம் காலையில அது முகத்துலதான் முழிக்கிறேன்.

ரெண்டரை மாசம் ஆச்சு. அப்புறம் ஒருத்தி வந்தா, அவ காலை டிபன்னா ரொட்டியில ஜாமைத் தடவி நீட்டறா. நானே கேழ்வரகு அடை தட்டிப் பாத்தேன், தோசைக்கல்லுல ஒட்டிக்கிட்டு மூணு துண்டா வந்துச்சு. இவர் ஒரு வாய் வச்சுட்டு, "தவமணி செய்யற மாதிரி இல்ல"ன்னார். பேச வேண்டிய அன்னைக்குப் பேசல, இதைப் பேசறார். போன மாசம் டெஸ்ட் எடுத்தா மறுபடியும் இருநூத்தி எழுபது. இடது கால்ல ஒரு புண்ணு, மூணு வாரமா ஆறல. இந்தத் தடவையும் குறையலேன்னா இன்சுலின் ஊசிதான், புண்ணு இப்படியே போனா விரலை எடுக்கறாப்புல வரும்னு டாக்டர் சொல்லிட்டார். நான் ராத்திரி தூங்கியே நாளாச்சும்மா. பயமா இருக்கு.

தேனா? அதை ஏன் கேக்கறீங்க? ஆமா, கோடு இப்பவும் இறங்கத்தான் செய்யுது. வெயில் காலம்ல, காய்ஞ்சு போகும். ஐப்பசியா? ஐப்பசியிலயும் மதுரையில வெயில் இருக்கும்மா. புதுசா வந்திருக்கீங்க, உங்களுக்குத் தெரியாது.

என்னது, தவமணி நம்பரா? எதுக்கு? திருடின்னு இவ்வளவு நேரம் தொண்டைத்தண்ணி வத்தச் சொல்லிக்கிட்டு இருக்கேன், நீங்க நம்பர் கேக்கறீங்க! அடை சுடறதை மட்டும்தான் காதுல வாங்கினீங்களா? என்கிட்ட நம்பரெல்லாம் இல்ல. அழிச்சுட்டேன். நான் எதுக்கு அவளைக் கூப்பிடப் போறேன்? ஒரு தடவை கூப்பிட்டேன், பாத்திரம் தேய்க்கிற கம்பி எங்க இருக்குன்னு கேக்க. சரி, ரெண்டு தடவை. ஏழு தடவை வச்சுக்கங்களேன். என் நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டேங்கறா. நான் வான்னு கூப்பிடுவேனோன்னு பயம் போல.

இந்தா, வந்துட்டார். என்னங்க, எங்க போனீங்க? உள்ள கூப்பிடறாங்க பாருங்க, பில்லு கேக்கறாங்க. பில்லு எங்க? மேல் பாக்கெட்லயா? கையை எடுங்க, நானே எடுக்கறேன். எதுக்கு இப்படிப் பாக்கெட்டைப் பொத்திக்கிறீங்க? குடுங்கன்னா...

என்ன இது, பிசுபிசுன்னு?

...

போங்க. பில்லைக் குடுத்து ரத்தம் குடுத்துட்டு வாங்க. ஒட்டினா ஒட்டட்டும், எழுத்து தெரியுதுல்ல. ஒண்ணும் சொல்ல வேணாம். "ஒரு துண்டுதான்"னு என்கிட்ட சொல்லாதீங்க, உள்ள ஊசி வச்சுக்கிட்டு நிக்கிற பிள்ளைகிட்ட சொல்லுங்க. போங்க.

பாத்தீங்கல்ல? நல்லாப் பாருங்க. பாதி கருப்பட்டி, பல்லு பட்ட தடத்தோட. கூடவே அலமாரிச் சாவி. எறும்பு ஒண்ணு சாவி மேலயே ஊருது, துணிச்சலைப் பாருங்க.

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். உங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது, எனக்கு முன்னாலயே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. எனக்கு முன்னாலன்னு சொல்றதும் பொய்தான். அந்தச் சட்டையில எறும்பைப் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரியும்மா. தெரியும். தெரிஞ்சுக்கத்தான் பிடிக்கல. வேலைக்காரியைத் திருடின்னு சொல்லிட்டா இன்னொரு வேலைக்காரி வருவா. இவரைச் சொல்லிட்டு நான் யாரைத் தேட? எந்தப் பெஞ்சுல உக்காந்து, நம்பகமான ஆளா ஒருத்தர் சொல்லுங்கன்னு கேக்கறது?

அந்த மூணு வீட்டுக்கும் போய் உண்மையைச் சொல்லணுமா? என்னன்னு சொல்லச் சொல்றீங்க? பொருளாளர் எம் பொருளையே திருடினார்னா? நல்லா இருக்கும், அடுத்த கூட்டத்துல கைதட்டுவாங்க. அது என்னால ஆகாது. இப்ப ஆகாது. என்னை அப்படிப் பாக்காதீங்க.

நம்பர் எழுதிக்கங்க. பாக்காமயே சொல்றேன், மனப்பாடம். நல்லா இருக்கிற வீட்டுக்குப் போகட்டும் அவ. ஆறரைக்கு வருவா, நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள பாதி வேலை முடிஞ்சிருக்கும். கோடு கீடு எதுவும் போடாதீங்க. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிராதீங்க, வர மாட்டா.

என்ன, இப்பவே போடறீங்களா? கொஞ்சம் பொறுங்க. ரிங் போகுதா? உங்க நம்பர் அவளுக்குத் தெரியாது, எடுத்துருவா. எடுத்துட்டாளா? என்கிட்ட எதுக்கு நீட்டறீங்க? வேணாம், வேணாம்மா, நான் என்ன பேச...

ஹலோ.

தவமணி, நான்தான். எல்லீஸ் நகர் அக்கா. வச்சிராத. வச்சிராத தவமணி, வேலைக்குக் கூப்பிடல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும், கேட்டுட்டு நானே வச்சுடறேன்.

சாப்பிட்டியா?